வாய் பிளந்த நான்கு விநாடி

பண்டிகை விடுமுறைக்கென்று எடுக்கப்படும் நகைச்சுவைப் படங்களை நான் மதிப்பதில்லை. அவற்றின் இரண்டாம் பாகங்களை மதிப்பவர்களையும் மதிப்பதில்லை. முதல் பாகம் ஓடிவிட்டது என்பதைத் தவிரப் பிறப்பதற்கு வேறு காரணமே இல்லாத பிள்ளைகள் அவை. அப்படிப்பட்ட ஒன்றை இந்தத் தைப்பொங்கல் முடிந்த கையோடு, ஒரே கிழமைக்குள், மட்டக்களப்பு நகரத்துத் தியேட்டரில் மூன்று தடவை பார்த்தேன். நாட்குறிப்பில் மூன்றும் இருக்கின்றன: ஞாயிறு பின்னேரம், புதன் மத்தியானம், வெள்ளி மத்தியானம். முதல் தடவை போனது மைத்துனர் கூப்பிட்டதற்காக. மற்ற இரண்டும் அவருடைய மானத்துக்காக.

மைத்துனர் என்றால் மனைவியின் தம்பி. எங்கள் பகுதியில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போகிறான். நான் புளியந்தீவிலிருந்து அமிர்தகழிக்கு வந்தேன். நகரத்தை ஒட்டிய அமிர்தகழியில் பிறந்த அவர் பனிச்சங்கேணிக்குப் போனார். இருபது வருடத்துக்கு மேலாக கடலோடு சேர்ந்த அந்த உப்புநீர்க் களப்பில்தான் கம்பால் தோணி ஊன்றி வலை வீசுகிறார். பிள்ளைகள் அங்கேயே வளர்ந்துவிட்டார்கள். ஆனால் ஊருக்கு அவர் இன்னும் ‘வந்த மாப்பிள்ளை’. அந்த மாப்பிள்ளைக்கு இந்த வருடம் மீனவர் சங்கத் தலைவராக வரும் ஆசை வந்தது. எதிர்த்து நின்றவர் அதே ஊரில் பிறந்து, அதே ஊரிலேயே பெண் எடுத்தவர்.

படத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், படத்தில் மைத்துனர் இருக்கிறார்.

போன ஆவணியில் கடல் கடந்து ஒரு படக்குழு வந்து, பனிச்சங்கேணிப் பாலத்துக்குக் கிட்ட மூன்று நாள் படம் பிடித்தது. மைத்துனரின் தோணியைக் கேட்டார்கள். பிறகு அவரையும் கேட்டார்கள். முதல் நாள் நானும் குடையோடும் குறிப்புப் புத்தகத்தோடும் போய் நின்றேன். காலை எட்டரைக்கு வெயில் சரிவாக இருந்தது, காற்று இல்லை, மைத்துனர் நீலக் கட்டச் சாரம் உடுத்திருந்தார் என்று எழுதியிருக்கிறேன். ஒரே வசனத்தைப் பதினொரு தடவை சொன்ன கதாநாயகனைச் சகிக்க முடியாமல் பத்து மணிக்குத் திரும்பிவிட்டேன். நான் போன பிறகுதான், முதலையைக் கண்ட பயத்தில் தோணிக்காரன் தண்ணீருக்குள் விழ வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.

“தோணியால விழுறதெண்டா வேற ஆளப் பாருங்க எண்டு சொல்லிட்டன் அத்தான்,” என்றார் அன்று பின்னேரம். “சரி, வாய மட்டும் பிளங்க எண்டாங்க. பிளந்து நடிச்சிக் குடுத்தன்.”

“உன்ட வாய்க்கு அது பெரிய வேலையோ?” என்றாள் அவருடைய அக்கா, அதாவது என் மனைவி.

அந்த வாயைப் பார்க்கத்தான் பொங்கலுக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை பனிச்சங்கேணியிலிருந்து ஒரு வான் நிறையச் சனம் வந்து இறங்கியது. மைத்துனர் வெள்ளைச் சட்டை போட்டு என் பக்கத்தில் இருந்தார்.

முதல் பாகத்தில் ஒரு குடும்பம் மலைக்கு விடுமுறை போய்ப் பெட்டியைத் தொலைத்தது. இரண்டாம் பாகத்தில் அதே குடும்பம் கடலோரத்துக்கு விடுமுறை போய்ப் பாஸ்போட்டைத் தொலைக்கிறது. கற்பனை அவ்வளவுதான். எங்கள் களப்பைக் கடல் என்கிறார்கள். கல்லடிப் பாலத்தில் ஏறும் கார் பனிச்சங்கேணிப் பாலத்தால் இறங்குகிறது. நடுவில் உள்ள அவ்வளவு தூரத்தையும் கத்தரிக்கோல் தின்றுவிட்டது. பொங்கல் நாள் என்று சொல்லப்படும் காட்சியில், சுவர்க் கலண்டர் ஆவணி மாதத்தைக் காட்டுகிறது. சிரிப்பு வராத இடங்களில் சிரிக்கச் சொல்லி ஒரு குழல் ஊதுகிறது. அந்தக் குழல் லேசில் ஓயவில்லை.

இடைவேளைக்குச் சற்று முன் மைத்துனர் வந்தார். முதலில் தோணி, பிறகு திரை நிறைய முகம், பிளந்த வாய். அடுத்த கணம், சாரம் உடுத்த ஒருவன் தோணியிலிருந்து பின்புறமாகத் தண்ணீருக்குள் போனான். குழல் ஊதியது. முகம் மைத்துனருடையது; விழுந்த உடம்பு யாருடையதோ. இரண்டையும் ஒட்டிவிட்டார்கள்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: “மாப்பிள்ளே, நீந்தத் தெரியுமா?”

“தெரியாட்டிப் பொண்டாட்டியக் கூப்பிடு, அவள் இழுத்தெடுப்பாள்!” என்றது இன்னொன்று.

வான் சனம் முழுவதும் சிரித்தது. இடைவேளையில் வாங்கிக் கொடுத்த பிளேன்டீயை மைத்துனர் தொடவில்லை.

“நான் விழல்ல அத்தான்.”

“தெரியும்.”

“உங்களுக்குத் தெரிஞ்சி என்ன செய்ய? ஊருக்குத் தெரியணுமே. பட்டணத்து மாப்பிள்ளைக்குத் தோணியில நிக்க ஏலா எண்டு இனிச் சின்னப் பொடியனும் சொல்லுவான். வாற ஞாயிறு தலைவர் தெரிவுக் கூட்டம்.”

விழுந்தவன் அவர் அல்ல என்று நிரூபித்துத் தருகிறேன் என்று சொன்னேன். வரலாறு என்ற பெயரில் கண்டதையெல்லாம் படித்து, நாற்பது வருடமாக நாளும் கிழமையும் எழுதிவைப்பவனுக்கு அது ஒரு வேலையா? நான் அப்போது நினைத்தது அப்படித்தான்.

புதன்கிழமை சட்டையை மாட்டியபோது மனைவி வாசலில் நின்றாள்.

“குப்பைப் படம் எண்டு மூண்டு நாளா ஏசிப் போட்டு, மறுகாவும் போறீங்க?”

“ஆதாரம் எடுக்கப் போறன்.”

“எடுங்க, எடுங்க. சிரிச்சிப் போட்டு வராதீங்க.”

ஆதாரம் இருந்தது முதற் பாதியின் முடிவில். அதற்காக அதற்கு முந்திய ஒரு மணி நேரத்தையும் விழுங்க வேண்டியிருந்தது. பார்க்க வேறொன்றும் இல்லாததால் ஓரங்களைப் பார்த்தேன். ஹோட்டல் காட்சியில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒரு பெண் நிற்கிறாள். அவளுக்கு வசனம் கிடையாது. கதாநாயகன் கத்தும்போதெல்லாம் மேசையிலிருக்கும் பேனையை நேராக்கி வைக்கிறாள். ஒவ்வொரு கத்தலுக்கும் ஒரு தடவை. அந்தப் படத்தில் வேலை செய்த அத்தனை பேரிலும் தன் வேலையை யோசித்துச் செய்தவள் அவள்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. பாஸ்போட் தொலைந்து குடும்பமே அழுது புரளும்போது, தகப்பன் பெட்டியின் மேல் குந்தி ஒரு தோடம்பழத்தை உரிக்கிறார். சுளைகளை வயது வரிசைப்படி கொடுத்துக்கொண்டு வருகிறார். மாமியாரை மறந்துவிட்டது நடுவில் நினைவுக்கு வருகிறது. உடனே எல்லோரிடமிருந்தும் சுளைகளைத் திருப்பி வாங்கி, மாமியாரிலிருந்து மறுபடி தொடங்குகிறார். எல்லோரும் அழுதுகொண்டே திருப்பிக் கொடுக்கிறார்கள். குழல் ஊதவில்லை. அந்த ஒரு நிமிடத்தை வேறு யாரோ எழுதியிருக்க வேண்டும்; மற்ற இரண்டு மணி நேரத்தை எழுதிய கைக்கு அது வராது.

வெள்ளிக்கிழமை டிக்கட் கிழிப்பவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். “ஐயா, புதனும் வந்தீங்கதானே? அவ்வளவு புடிச்சிட்டா?” டிக்கட்டின் பாதியை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். அன்று அந்தத் தோடம்பழத்துக்குச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். நேரத்தையும் போட்டு, ‘சிரித்தேன்’ என்று எழுதிக்கொண்டேன். எழுதியபோது என்மேல் மரியாதை கொஞ்சம் குறைந்தது.

ஆதாரம் கிடைத்தது. விழுகிறவன் கையில் கடிகாரம் கட்டியிருந்தான். மைத்துனர் வாழ்நாளில் கட்டியதில்லை. முகத்தின் கீழே தெரிவது நீலக் கட்டம். விழுகிற சாரம் பச்சைக் கட்டம். முகத்தில் காலை வெயில் சரிந்து விழுகிறது, உடம்பின் நிழலோ காலடியில் உச்சிநேரத்து நிழலாகக் குறுகிக் கிடக்கிறது. எல்லாவற்றையும் இரண்டு தாளில் ஒழுங்காக எழுதினேன்.

ஞாயிறு காலை சங்கக் கட்டடத்துக்குள் ஆட்கள் நெருக்கமாக இருந்தார்கள். பேச அனுமதி கேட்டு, எழுந்து இரண்டு தாளையும் வாசித்தேன். ஒருவரும் குறுக்கே பேசவில்லை. அந்த மரியாதையை நான் நம்பியிருக்கக் கூடாது.

முடித்ததும் எதிர்த்து நின்றவர் எழுந்தார். “ஐயா கஷ்டப்பட்டிருக்கிறார். ஆனா விழுந்தது மச்சான் இல்ல எண்டு படம் பாத்த அண்டைக்கே எங்களுக்குத் தெரியும். முழங்கால் ரெண்டையும் விறைச்சிக் கொண்டு தோணியில ஆருகா நிப்பான்?”

“அப்ப ஒரு கிழமையா ஏன் பகிடி பண்ணினீங்க?” என்றேன்.

“கிடைச்சா விடுவமா ஐயா?”

சிரிப்பு எழுந்தது. அவர் கையைக் காட்டி அடக்கினார்.

“விழுந்த ஆள் வேற. வாயப் பிளந்த ஆள் ஆரு? அது மச்சான்ட மூஞ்சிதானே? சும்மா முதலை எண்டதுக்கே இந்த வாய் எண்டா, நாளைக்குத் தடை செஞ்ச வலையோட வெளியாக்கள் வந்து நிண்டு கத்தினா, எங்கட தலைவர் என்ன செய்வார்?”

என் இரண்டு தாளிலும் வாயைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர்மேல் இல்லாத குற்றத்தை மூன்று காட்சி பார்த்துத் தீர்த்துவைத்திருந்தேன்.

மைத்துனர் எழுந்தார். நடித்தேன் என்று சொல்லி உட்காரப் போகிறார் என்று நினைத்தேன்.

“நடிச்சன் எண்டு அக்காட்டயும் அத்தான்ட்டயும் சொன்னன். அது பொய். வாயப் பிளக்கச் சொன்னாங்க, எனக்கு வரல்ல. மறுகா ஆரோ பின்னால நிண்டு ‘முதலை’ எண்டு கத்தினான். நான் மெய்யெண்டு நம்பிட்டன். வாய் தானாப் பிளந்திச்சி.”

ஒருவரும் சிரிக்கவில்லை.

“தோணியில நடிக்க வந்த அஞ்சு பேர் இருந்தாங்க. ஒருத்தருக்கும் நீந்தத் தெரியா. எனக்குப் பயம்தான். ஆனா கம்ப விட்டனா? தோணி ஆடிச்சா? அதப் பாத்திட்டுச் சொல்லுங்க.”

படத்தின் விளம்பரத் துண்டு ஒருவருடைய போனில் இருந்தது. அந்தப் போன் கைக்குக் கை போனது. என்னிடம் வந்தபோது நான்காம் தடவையாகப் பார்த்தேன். முதலில் தோணி முழுவதும் தெரிகிறது. கத்தல் கேட்டதும் ஐந்து பேரும் ஒரு பக்கமாகச் சாய்கிறார்கள். மைத்துனரின் வாய் பிளக்கிறது. அதே நேரம் அவருடைய இடது கால் மறுபக்கத்துக்கு நகர்கிறது, கம்பு ஒரு சாண் ஆழமாக இறங்குகிறது. தோணி அசையவில்லை. பிறகுதான் கமரா முகத்துக்குக் கிட்டப் போகிறது. நான்கு விநாடி இருக்கும். நான் கடிகாரத்தையும் கட்டத்தையும் நிழலையும் பார்த்திருந்தேன். காலைப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் அந்தக் குப்பைப் படத்தில் மிகச் சிறந்த இடம் அதுதான். எடுத்தவர்களுக்கே அது தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் குழலை ஊதிக் கெடுத்திருப்பார்கள்.

எதிர்த்து நின்றவரும் பார்த்தார். ஒருதரம் பார்த்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“கால் போனது மெய்தான்,” என்றார். “அஞ்சு பேர் சாஞ்சா நானெண்டாலும் தண்ணிக்குள்ளதான்.”

பிறகு மைத்துனரை விரும்புகிறவர்களைக் கை உயர்த்தச் சொன்னார்கள். எண்ணத் தேவையே இருக்கவில்லை. எதிர்த்து நின்றவர் கடைசியாக, சலித்துக்கொள்வதுபோலத் தன் கையையும் தூக்கினார்.

செயலாளருக்கு எழுத்து அவ்வளவு ஓடாது. ‘ஐயாட கையெழுத்து வடிவு’ என்று சொல்லிக் கூட்டக் குறிப்பை என் கையில் தந்துவிட்டார்கள். தலைவர் தெரிவை எழுதிவிட்டு, மற்றதையும் எழுதட்டுமா என்று மைத்துனரைக் கேட்டேன்.

“வாயையும் எழுதுங்க அத்தான். விட்டா இவங்க கூட்டிச் சொல்லுவாங்க.”

எழுதினேன்: முதலை என்று கத்தப்பட்டபோது தலைவர் வாயைப் பிளந்தார், தோணி ஆடவில்லை.

தோற்றவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். “முதலை வரல்ல எண்டதையும் போடுங்க ஐயா. நாளைக்கு இவன் அதப் புடிச்சன் எண்டும் சொல்லுவான்.”

அதையும் போட்டேன்.