சதாசிவன் மூடிய கோப்பு

ஒருவர் தன் நம்பிக்கையை விட்டுவிட்டாரா, இன்னொருவருக்காகச் சற்று நகர்த்தி வைத்தாரா என்பதை வெளியிலிருந்து எப்படி அறிவது? எனக்குத் தெரியவில்லை. சென்ற வாரம் ரெஜினா தொலைபேசியில், "டீச்சர், சதாசிவன் அண்ணன் போயிட்டாரு" என்றபோது இந்தக் கேள்விதான் முதலில் வந்தது.

பாறசாலையில் அவருடைய கம்ப்யூட்டர் சென்டரை நம்மில் பலருக்குத் தெரியும். அதற்குமுன் குன்னத்துகாலில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கல்லூரி வேலை முடிந்ததும் மாலையில் நான் சென்டரில் வகுப்பெடுப்பேன். கணினி நின்றுபோனால், "அதுக்கொரு சாயா குடிக்க நேரம் குடுங்க டீச்சர்" என்பார்.

சென்ற ஆண்டு, ரத்தம் கொடுக்க முன்வந்தவர்களின் விவரங்களை அங்கே என்னிடம் படித்த ரெஜினா அவர் கணினியில் டேட்டாபேஸாகச் சேர்த்தாள். அடுத்த கணினியில் வெப் பக்கமாகத் தேடிப் பார்க்க ஒரு ஸ்கிரிப்டும் எழுதினாள். மறுநாள் நெய்யாற்றின்கரை மருத்துவமனை ஒன்றிலிருந்து பார்க்க வருவதாக இருந்தார்கள். பிடித்தால் அவளுக்கு வேலை. இல்லாவிட்டால், காரோடு என்ற ஊரில் அவள் அப்பா பேசிவைத்திருந்த இறால் உரிக்கும் வேலை.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் பக்கம் திறக்கவில்லை. கோப்பின் இடம், அனுமதிகள் எல்லாம் சரியாகவே இருந்தன. சதாசிவன் சாப்பிடப் போனபோது அவர் கணினியை அணைத்துப் போட்டோம், பெயர்கள் வந்தன. அவர் திரும்பி வந்து உட்கார்ந்ததும் நின்றன.

"அண்ணனைக் கண்டா இதுக்குப் பேடியாக்கும்" என்று ரெஜினா பயந்ததுபோல் நடித்துக் காட்டினாள்.

"மக்கா, எனக்க பெண்டாட்டிக்கே என்னைக் கண்டா பேடி இல்ல."

அவர் திரையின் அடியில் பார்த்தேன். டேட்டாபேஸ் திறந்தபடி சுருக்கி வைக்கப்பட்டிருந்தது. பலசரக்குக் கடையில் விளக்கேற்றியதும் கல்லாவைத் திறந்து, கடை அடைக்கும்வரை மூடாமல் வைப்பது அவர் வழக்கம். சென்டரில் கல்லா இல்லாததால் ரெஜினாவின் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார். அவர் திறந்து வைத்திருக்கும்வரை ஸ்கிரிப்டால் அதைத் தொட முடியாது.

சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. "டீச்சருக்கு விசுவாசம் கிடையாது. வாற ஐஸ்வரியத்துக்க முன்னால கதவை அடைக்கச் சொல்லுதிய."

"மூடினால்தான் இவளுக்கு வேலை" என்றேன்.

"நாளைக்கு வெளக்கு வெச்ச பெறகு பாப்போம்."

எனக்கு இன்றும் அந்த விசுவாசம் இல்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: கணினி நின்றால் இப்போதெல்லாம் முதலில் சாயா குடிக்கிறேன்.

மறுநாள் அவர் விளக்கேற்றினார். கோப்பைத் திறந்து, திரையைத் தொட்டுக் கும்பிட்டு, மூடினார். பிறகு மேசையின் காலி இழுப்பறையை முழுக்க வெளியே இழுத்து வைத்தார். மருத்துவமனைக்காரர் வந்து உட்காரும்போது அது முழங்காலில் இடித்தது. "இதை மூடலாமா?"

"வேண்டாம் சாரே, அது எனக்க காரியமாக்கும். உங்களுக்கு உள்ளது இவளுக்க கையில உண்டு."

ரெஜினா ஒரு ரத்தவகையைத் தட்டினாள். பெயர்கள் வந்தன. அடுத்த திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள்.