ஒரு கிலோ நானூறு கிராம்

காலை ஆறு மணிக்கு, கழிப்பறைக்குப் போய் வந்த பிறகு, காபிக்கு முன்னால், அரைக்கால் சட்டை மட்டும் போட்டுக்கொண்டு தராசில் ஏறி நிற்பான் கிராம். அக்கா நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில் நிற்பாள். குளியலறைக் கதவுக்கும் துணிக்கொடிக்கும் நடுவே அந்தத் தராசு கால் பதித்து நின்றது. ஆள் உயரம், நகரும் குண்டு, நீளமான இரும்புக் கம்பி. ஏதோ ஒரு மருத்துவமனை பழைய இரும்போடு தூக்கிப் போட்டதை வாங்கிவந்து அவனே சரிசெய்தது. கம்பி ஆடி அசைந்து நேராக நின்றதும் எண்ணைச் சொல்வான். அக்கா அதை நம்பமாட்டாள். குனிந்து தானும் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் எழுதுவாள்.

கிராம் என்பது பட்டறையில் வைத்த பெயர். தராசு பழுது பார்ப்பதில் இருபத்தாறு வருடம். மற்றவர்கள் "இந்த அளவு போதும்பா" என்று மூடிவிடும் தராசை அவன் மறுபடி திறப்பான். காய்கறிக் கடைத் தராசில் நாலு கிராம் வித்தியாசம் இருந்தால் சாப்பாடு இறங்காது. முள்ளை ஒரு கோடு தள்ளி வைத்துக் கொடு என்று காதோடு காதாகக் கேட்ட கடைக்காரர்கள் உண்டு. அவர்களிடம் திருப்புளியை நீட்டி, "நீங்களே தள்ளிக்கோங்க, அடியில என் பேர மட்டும் எழுதாதீங்க" என்பான். ஒருவரும் வாங்கிக்கொண்டதில்லை.

இவ்வளவு கணக்காக இருந்தவன் ஒரே ஒரு விஷயத்தில் அளவு பார்க்கவில்லை. ஆறரை மணிக்குப் பட்டறை ஷட்டர் இறங்கும். ஏழு மணிக்கு அவன் கையில் கிளாஸ் ஏறும். மழை, காய்ச்சல், கல்யாணம், கருமாதி எதுவும் அந்த ஏழு மணியைத் தள்ளிப்போட்டதில்லை. ஒரு நாள் கண் பழைய தபால் உறை மாதிரி மஞ்சளானது. கால் செருப்புக்குள் போக மறுத்தது. வயிறு சட்டைப் பொத்தானைத் தெறிக்கவிட்டது. கல்லீரல் முக்கால்வாசி தழும்பாகிவிட்டது என்றார்கள். ஊசி போட்டு வயிற்றிலிருந்து ஐந்து லிட்டர் நீர் எடுத்தார்கள். மயக்கத்திலிருந்தவன் கண்ணைத் திறந்து கேட்ட முதல் கேள்வி, "அஞ்சு லிட்டர்னு கண்ணால பாத்துச் சொன்னீங்களா, அளந்து சொன்னீங்களா?"

அன்றோடு கிளாஸை விட்டான். இதைப் பற்றி அக்கா ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளவில்லை. பார்க்கிறவர்களிடம் மட்டும் சொன்னாள். அக்கா எல்லோரையும் பார்ப்பவள்.

அவள் வேலை சலவைக்கடையில், வரும் துணிகளுக்கு எண் தைப்பது. முப்பது வருடத்தில் ஒருவர் சட்டை இன்னொருவர் வீட்டுக்குப் போனதில்லை. தம்பியை மருத்துவமனையிலிருந்து நேராகத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றே, அவன் மாத்திரைகளுக்குச் சின்னச் சின்னத் துணிப்பைகள் தைத்து ஒவ்வொன்றிலும் சிவப்பு நூலில் எண் போட்டாள். ஒன்று, நீர் இறங்க. இரண்டு, இரத்தக் குழாய் அழுத்தத்துக்கு. மூன்று அரிப்புக்கு. நாலாம் எண் பையில் அடங்கவில்லை. அது பாட்டில் மருந்து. அதன் கழுத்தில் எண்ணைத் தாலி மாதிரி கட்டித் தொங்கவிட்டாள்.

அந்த நாலாம் எண்தான் வீட்டில் பெரிய ஆள். தேன் மாதிரி இனிக்கும், குடித்தால் ஓடவைக்கும். வயிற்றில் தங்கும் கசடு மூளைக்கு ஏறாமல் இருக்க, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை போயே ஆகவேண்டும் என்பது டாக்டர் கட்டளை. முதல் மாதம் கிராம் வெட்கப்பட்டு ஒரு வேளையை ஏமாற்றிவிட்டான். மறுநாள் காலை பல் துலக்கும் பிரஷில் ஷேவிங் கிரீமைப் பிதுக்கி, பாதி வாய் தேய்த்துவிட்டு, புது பேஸ்ட் நன்றாக நுரைக்கிறது என்று பாராட்டினான். கிழமை கேட்டால் வியாழன் என்றான். காலண்டர் திங்கள் என்றது. காலண்டரைத் திட்டினான். அன்றிலிருந்து நாலாம் எண்ணுக்கு விலக்கே இல்லை. எடை எழுதிய வரிக்குக் கீழே அவன் கையாலேயே ஒரு வரி எழுதிக் கையெழுத்தும் போடவேண்டும் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். எழுத்து கோட்டைவிட்டு ஏறினாலோ இறங்கினாலோ உடனே போன். அவன் தினமும் எழுதியது ஒரே வரி: "இன்று தெளிவாக இருக்கிறேன். உப்பு இல்லாததால் மட்டும் கோபம்."

அரிப்புக்கு நகத்தை ஒட்ட வெட்டி ஈரத் துண்டைப் போர்த்தினாள். கெண்டைக்கால் இழுத்தால் சுவரில் பாதத்தை ஊன்றி நிற்கவைத்தாள். படுக்கும் முன் பசி இருக்கிறதோ இல்லையோ ரொட்டியும் முட்டையும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை ஏதாவது சாப்பிட்டால்தான் உடம்பு தன் சதையையே தின்னாமல் இருக்குமாம். "என்ன மேய்க்கறியா, வளக்கறியா?" என்று கேட்டான். "ரெண்டும்தான், வாயத் தொற" என்றாள்.

மாதம் முடிய ஆறு நாள் இருந்தபோது பட்டறை முதலாளி பார்க்க வந்தார். ஜன்னலோர மேஜையையும் கிராமின் ஸ்டூலையும் இதுவரை காலியாகவே வைத்திருப்பதாகவும், இடைக்கால ஏற்பாடாக ஒருவரைப் போட்டிருப்பதாகவும், ஒன்றாம் தேதி டாக்டர் கடிதத்தோடு கிராம் வராவிட்டால் அவரையே நிரந்தரமாக்க வேண்டியிருக்கும் என்றும் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். டாக்டரோ, எடை ஏறாமல் ஒரு மாதம் நின்றால் கடிதம் தருகிறேன் என்றிருந்தார். மருத்துவமனைத் தராசு சட்டை, பேன்ட், போன் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டுவதால் அவர் அக்காவின் நோட்டைத்தான் நம்புவார். நோட்டில் இருபத்திரண்டு நாளாக அறுபத்திரண்டு கிலோ ஆடாமல் அசையாமல் நின்றது. கிராம் ஸ்டூலுக்குப் புது மெத்தை தைத்துத் தரும்படி அக்காவைக் கேட்டான்.

மறுநாள் அறுபத்திரண்டு நானூறு. அதற்கு மறுநாள் அறுபத்திரண்டு தொள்ளாயிரம். அக்கா காபி கிளாஸை வாங்கிக்கொண்டு போகும்போது மூக்கருகே கொண்டுபோனதை அவன் பார்த்தான். மூன்றாம் நாள் அறுபத்துமூன்று நானூறு.

"தராசு கெட்டிருக்கு" என்றான் கிராம்.

"ம்" என்றாள் அக்கா.

அவள் வேலைக்குப் போன பிறகு அலமாரியைத் திறந்தான். அவன் சட்டைகளெல்லாம் மறுபடி மடித்து வைத்திருந்தன. மூன்று மடிப்பு, அவன் மடித்தால் இரண்டுதான். ஷூவுக்குள் அடைத்திருந்த காகிதம் இடம் மாறியிருந்தது. தலையணை உறை திருப்பிப் போட்டிருந்தது. எங்கே ஒளித்திருக்கிறான் என்று தேடியிருக்கிறாள். அவனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. ஐந்து மாதம். ஏழு மணி ஆனால் கை தானாக மேஜையைத் தடவும், நாக்கு பல்லைத் தேடும். அதையெல்லாம் தாண்டி வந்த ஐந்து மாதம். ஒன்றரைக் கிலோ கூட இல்லாத ஒரு எண்ணுக்கு முன்னால் அது நிற்கவில்லை.

திருப்புளியை எடுத்துத் தராசின் மூடியைக் கழற்றினான். கம்பியைத் தாங்கும் கத்திமுனை தேயவில்லை. கம்பி வளையவில்லை. தூசி கூட இல்லை. அக்கா வாராவாரம் துடைக்கிறாள். கம்பியின் ஓரத்தில் ஒரு சின்னத் திருகு இருந்தது. அதை ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு கிலோ நானூறு கிராம் காணாமல் போய்விடும். நோட்டு நேராகும். கடிதம் கிடைக்கும். ஸ்டூல் கிடைக்கும். இதைக் கண்டுபிடிக்கக்கூடிய ஆள் பட்டறையில் ஒருவன்தான் உண்டு, அவன் இங்கேதான் குந்தியிருக்கிறான்.

திருப்புளி திருகின் பள்ளத்தில் போய் உட்கார்ந்தும்விட்டது. காய்கறிக் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக ஞாபகத்துக்கு வந்தார்கள். எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே வார்த்தையைத்தான் அவனிடம் சொன்னார்கள்: ஒரே ஒரு கோடுதானேப்பா. திருப்புளியை உருவி எடுத்து மூடியை மாட்டினான்.

அக்கா சாப்பாட்டு இடைவேளையில் வந்தபோது, பெட்டிக்கு அடியிலிருந்த ஐந்து கிலோ எடைக்கல்லை எடுக்கச் சொன்னான். இருபது வருடம் முடித்ததற்கு முதலாளி கொடுத்த முத்திரையிட்ட கல். அவன் கனம் தூக்கக்கூடாது என்பதால் அக்காவே மூச்சு வாங்கிக்கொண்டு தூக்கி வைத்தாள். கம்பி ஆடியது. நின்றது. ஐந்து கிலோ. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"தராசு சரியாத்தான் இருக்கு" என்றான். உட்கார்ந்து கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினான். பள்ளம் விழுந்தது. விரலை எடுத்த பிறகும் பள்ளம் அங்கேயே இருந்தது. மறுபடி நீர்தான்.

அக்கா எதிரே உட்கார்ந்தாள். மூன்று நாளாகத் தொண்டையில் வைத்திருந்ததைக் கேட்டாள். "குடிச்சியாடா?"

"இல்லக்கா."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், தராசைப் பார்த்தாள், கீழே கிடந்த திருப்புளியைப் பார்த்தாள். திருகுவரை போய்த் தொடாமல் விட்டிருக்கிறான் என்று அவளுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. எழுந்து பையை எடுத்தாள். "வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம். கடுதாசி போனா போவுது."

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு, வழியில் கிராம் அதை அவளிடம் சொன்னான். தராசு சரியாக இருந்தும் எடை தப்பாக வந்தால், தராசை விட்டுவிட்டுத் தட்டில் என்ன வைத்தோம் என்று பார்க்கவேண்டும். அக்கா நோட்டைத் தட்டிக்காட்டினாள். வாய்க்குள் போன ஒவ்வொரு கவளமும் இதில் இருக்கிறதாம். அது உண்மைதான்.

நர்ஸம்மா நோட்டைப் புரட்டினார். இப்படி ஒரு நோட்டைத் தன் வேலையில் பார்த்ததே இல்லை என்றார். அக்கா அடக்கமாக இருக்க முயன்று தோற்றாள். உப்பு? சமையலறையிலேயே கிடையாது. ஊறுகாய், அப்பளம்? பெயரைக்கூட எடுப்பதில்லை. வேறு மருந்து ஏதாவது? அக்கா பையைக் கவிழ்த்தாள். எண் ஒன்று, இரண்டு, மூன்று, கழுத்தில் கயிறோடு நாலு. கடைசியாக எண் போடாத சின்னப் பொட்டலங்கள் நாலைந்து விழுந்தன.

"இது என்ன?"

"அது மருந்தில்லம்மா, சும்மா" என்றாள் அக்கா. ஏழு மணி ஆனால் தம்பிக்குக் கை பரபரக்கிறது. வயிறும் உப்புசமாக இருக்கிறது என்றான். கடையில் வயிற்றுக்கு விற்கிற இந்தப் பொடியைக் கிளாஸில் போட்டால் சுறுசுறுவென்று பொங்கும். கிளாஸும் கையில் இருக்கும், நுரையும் வாயில் இருக்கும், பாவம், ஒரு திருப்தி. முதலில் ஒன்று கொடுத்தாள். நாலு நாளாகத்தான், ரெண்டாவது ரவுண்டு கேட்கிறான் என்று இரண்டாகக் கொடுக்கிறாள். தண்ணீர்க் கணக்கில் அதையும் சேர்த்து எழுதியிருக்கிறாள், பாருங்கள்.

நர்ஸம்மா பொட்டலத்தைத் திருப்பி, பின்னால் இருந்த எறும்பு எழுத்தை வெளிச்சத்தில் வைத்துப் படித்தார். "இது பொங்கறதே சோடியத்துலதாம்மா. உப்புல எதைச் சாப்பிட வேண்டாம்னு சொன்னோமோ அதேதான். ஒரு நாளைக்கு இவருக்கு நாங்க அனுமதிச்ச அளவுல முக்கால்வாசி இந்த ரெண்டு பொட்டலத்துலயே முடிஞ்சிடுது."

கிராம் கூரையில் சுற்றிய மின்விசிறியைக் கவனமாகப் பார்த்தான். சிரிக்கக்கூடாது என்று அவன் தன் முழங்காலைக் கிள்ளிக்கொண்டது அக்காவுக்குத் தெரிந்தது.

"என் சட்டையெல்லாம் தேடினியே" என்றான் மெதுவாக. "உன் கைப்பையில பாத்தியா?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று நர்ஸம்மாவால் சொல்ல முடியவில்லை. அக்காவாலும்தான்.

டாக்டர் இரத்தம் எடுக்கச் சொன்னார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார், முதல் எண் மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினார், பொடியைக் குப்பையில் போடச் சொன்னார். கடிதம் இன்று இல்லை. காரணம் தெரிந்துவிட்டதால் ஒரு மாதம் வேண்டாம், ஒரு வாரம் கழித்துப் பார்க்கலாம். ஒரு வாரம் என்றால் ஒன்றாம் தேதியைத் தாண்டி மூன்று நாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கிராம் முதலாளிக்குப் போன் செய்தான். சாக்குச் சொல்லவில்லை. எடை ஏறியதையும், திருகுவரைக்கும் கை போனதையும், பொட்டலத்தையும் வரிசையாகச் சொன்னான்.

"எவ்ளோ ஏறிச்சு?" என்றார் முதலாளி.

"ஒரு கிலோ நானூறு, மொதலாளி."

"புது ஆளு அனுப்பின தராசுல நாப்பது கிராம் வித்தியாசம் அடிக்குதுனு இன்னிக்கு மூணு கடை திருப்பி அனுப்பிட்டாங்க. கேட்டா, நாப்பதுதானே சார்ங்கறான்." முதலாளி பெருமூச்சு விட்டார். "ஒரு வாரம். அதுக்கு மேல ஒரு நாள் கூட இல்ல, கிராமு."

பொடியை நிறுத்திய மூன்றாம் நாள் எடை இறங்கத் தொடங்கியது. ஆறாம் நாள் அறுபத்திரண்டு. டாக்டர் கடிதத்தில் அரை நாள் வேலை, கனம் தூக்கக்கூடாது, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை சாப்பிட அனுமதிக்கவேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தார். இது வேலைக்கான கடிதமா, மாப்பிள்ளைக்கான கடிதமா என்று பட்டறையில் கேட்டார்கள். தூக்குவதற்குப் புது ஆளையே வைத்துக்கொண்டார் முதலாளி. கிராம் முதல் நாளே அவருக்கு நாற்பது கிராம் என்பது எவ்வளவு பெரியது என்று விளக்க ஆரம்பித்து, மதியம்வரை நிறுத்தவில்லை. ஸ்டூலில் புது மெத்தை. அதன் ஓரத்தில் சிவப்பு நூலில் ஐந்து என்று எண்.

இப்போது ஏழு மணிக்கு அதே கிளாஸில் வெறும் தண்ணீரும் எலுமிச்சைத் துண்டும். நோட்டில் எடை ஏறிய அந்த மூன்று நாளுக்கு எதிரே அக்கா தன் கையால் எழுதிவைத்திருக்கிறாள்: "தவறு, அக்காவுடையது. 1.400." அதற்குக் கீழே, கோட்டை விட்டு இம்மியும் விலகாத எழுத்தில், தம்பி எழுதியிருப்பது: "சரிபார்த்தேன்." பக்கத்திலேயே கையெழுத்து.