மாலை மாற்றிக்கொண்ட காளை

நான் ஏழாம் வகுப்பு படித்த வருடம், மாட்டுப் பொங்கல் அன்று சாயங்காலம், அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் மந்தைத் திடலில் நடந்தது இது. ஜல்லிக்கட்டுத் தடை நீங்கி, மறுபடியும் வாடிவாசல் திறக்க ஆரம்பித்திருந்த சமயம்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு சைக்கிள். என் பெரியப்பா மகள் கல்யாணமாகிப் போகும்போது தன் சைக்கிளை எனக்கு விட்டுப் போயிருந்தாள். இரண்டு டயரும் நைந்து கிழிந்து கிடந்தன. புது டயர் வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டேன்.

"பதினொண்ணாம் வகுப்பு வந்தா கவர்மெண்டே புது சைக்கிள் குடுக்கும். அதுவரைக்கும் பஸ்ல போத்தா" என்று முடித்துவிட்டார்.

அத்தனை வருடம் காத்திருக்கிற பொறுமை எனக்கு இல்லை. டயருக்கு நானே சம்பாதிப்பது என்று முடிவு செய்து, பக்கத்து வீட்டுத் தோழியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன். அவர்கள் சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் அவர்கள் பாஷை, வாசலைத் தாண்டினால் எங்களைவிடக் கணீரென்று மதுரைத் தமிழ். அவளுடைய அப்பா மதுரையில் ஒரு பைண்டிங் கடையில் வேலை பார்த்தார். அங்கே வெட்டி மிஞ்சுகிற கலர் காகிதத் துண்டுகள் கட்டுக் கட்டாக அவர்கள் வீட்டில் கிடக்கும். காகிதப் பூ செய்ய எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் கற்றுக் கொடுத்திருந்தார்கள். பொங்கல் நேரத்தில் பூ விலை ஏறிவிடும். மனுசருக்கே ஒரு முழம் பூ வாங்கத் தயங்குகிறவர்கள் மாட்டுக்கு எங்கே வாங்கப் போகிறார்கள்? ஆகவே, மாடுகளுக்குக் காகித மாலை. இன்று யோசித்துப் பார்த்தாலும் வியாபாரத் திட்டத்தில் குறை சொல்ல முடியாது.

குறை பசையில் இருந்தது.

கடைக் கோந்து எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. மைதா மாவைக் கரைத்து அடுப்பில் வைத்துக் காய்ச்சினோம். மறுநாளே அது புளித்து வாடை வந்தது. புளிக்காமல் இருக்க ஒரு கை கல்லுப்பு போட்டேன். அது என் கண்டுபிடிப்பு. இழுத்துப் பிடிக்கட்டும் என்று தோழி மண்டைவெல்லத்தைத் தட்டிப் போட்டாள். அது அவள் கண்டுபிடிப்பு. பிறகு பாருங்கள், ஒட்டினால் ஒட்டினதுதான்; பிய்த்தால் காகிதம்தான் கிழியும்.

"பரீட்சைக்கு முழிச்சிருக்கச் சொன்னா கண்ணு சொருகுது. மாட்டுக்கு மால கட்டன்னா மட்டும் எம்புட்டு தெம்பு!" என்று அம்மா தினமும் ஒரு முறை சொல்வாள். ஆனால் அடுப்பைத் தரமாட்டேன் என்று சொல்லவில்லை.

தெருத் தெருவாகப் போய்க் கொடுத்தோம். நினைத்ததைவிட நன்றாகவே விற்றது. கடைசியாக எங்கள் தெரு அண்ணன் ஒருவர் கூப்பிட்டார். அவரிடம் ஒரு கறுப்புக் காளை இருந்தது. தடைக் காலம் முழுக்க, "சும்மா தின்னுக்கிட்டு நிக்கிற மாட்ட வித்துத் தொலைடா" என்று வீட்டில் தினம் சண்டை. அவர் விற்கவில்லை. அந்த வருடம்தான் அந்தக் காளைக்கு முதல் முறையாக அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டில் இறங்க டோக்கன் கிடைத்திருந்தது. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலை அவிழ்த்துவிட வேண்டும்.

"ஏத்தா, எங்காளைக்கு மார்பு நிறையத் தொங்குற மாதிரி பெருசாக் கட்டிக் குடு. போட்டோ எடுக்கணும்" என்றார்.

எங்களிடம் பசை தீர்ந்திருந்தது. தோழியின் அப்பா ஒரு சட்டி நிறையக் காய்ச்சிக் கொடுத்தார். வழக்கம்போல உப்பும் வெல்லமும் நாங்கள் கலந்தோம். அந்தப் பசையில்தான் காளைக்குப் பெரிய மாலையும், எங்கள் வீட்டுப் பசுவுக்கு ஒரு மாலையும் தயாராயின.

மாட்டுப் பொங்கல் அன்று எல்லா மாடுகளும் குளித்து, கொம்புக்கு வர்ணம் பூசி, மந்தைக்கு வந்து சேர்ந்தன. பாதிக்கு மேல் எங்கள் மாலைதான். தோழியும் நானும் பெருமை தாங்காமல் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தோம். பொங்கல் பானை பொங்கியதும் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிக் குலவை போட்டார்கள். திரும்பிப் பார்த்தபோது மந்தையே மென்றுகொண்டிருந்தது.

தன் கழுத்து மாலை எந்த மாட்டுக்கும் எட்டாது. பக்கத்து மாட்டினுடையது எட்டும். வரிசையாக, ஒவ்வொன்றும் அடுத்ததன் கழுத்தில் வாயை வைத்து உருவிக்கொண்டிருந்தது. ஆள் கிட்டே போனால் சீறுகிற கறுப்புக் காளை, எங்கள் பசு தின்னத் தன் கழுத்தைச் சாய்த்துக் கொடுத்தபடி, பசுவின் மாலையைத் தின்றுகொண்டிருந்தது.

"மாப்ள! ஒங்காளைக்குக் கல்யாணம் முடிஞ்சிருச்சுடா! மால மாத்திக்கிருச்சு!" என்று அண்ணனின் கூட்டாளி ஒருவர் கத்தினார்.

"நாளைக்கு வாடிவாசல்ல எப்படிறா வெளயாடும்? மாப்பிள்ள மறுவீட்டுக்குல்ல போவாரு!" என்றார் இன்னொருவர்.

மந்தை முழுக்கச் சிரிப்பு. என் அப்பாவும் சிரித்தார். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. காளையின் வாயைப் பிடித்து இழுத்து, பாதி மென்ற காகிதத்தைப் பிடுங்கினார். அவர் காளையின் வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்ததைக் கண்ட பிறகுதான் எனக்கு விஷயம் உறைத்தது. இன்று வயிறு கெட்டால் நாளை அந்தக் காளை வாடிவாசலுக்குப் போகாது.

மறுநாள் ஜல்லிக்கட்டு வேலைக்காக அலங்காநல்லூர் வந்திருந்த மாட்டு டாக்டருக்கு அண்ணன் போன் போட்டார். அவர் பைக்கில் வந்து இறங்கி, காளையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாலை கட்டுனது யாரு?" என்று கேட்டார். எங்கள் இருவரையும் முன்னால் தள்ளினார்கள்.

"காகிதம் கொஞ்சம் போனா ஒண்ணும் ஆகாது. எதை வச்சு ஒட்டுனீங்க?"

எனக்கு அப்போதே எதையும் வரிசையாகச் சொல்கிற பழக்கம். "மைதா, கல்லுப்பு, மண்டைவெல்லம், தண்ணி" என்றேன்.

டாக்டர் சிரித்துவிட்டார். "இது பசை இல்லம்மா, தீவனம். எந்த மாடுதான் விடும்?"

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வரிசை முடியவில்லையே! "கடைசிப் பசையை மட்டும் இவ அப்பா காய்ச்சினாரு. அவர் பைண்டிங் கடையில வேல பாக்குறாரு" என்றேன்.

டாக்டரின் சிரிப்பு நின்றது. "பைண்டிங் பசையா? அப்ப துத்தம் போட்டிருப்பாரே?"

மயில்துத்தம் என்கிற நீல உப்பைப் பூச்சி அரிக்காமல் இருக்கப் பைண்டிங் பசையில் கலப்பார்கள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அது மாட்டுக்கு ஆகாது என்பதும். நான் தோழியைப் பார்த்தேன். அவளுக்கும் தெரியவில்லை. அவள் அப்பா பொங்கலுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு மதுரைக்குப் போயிருந்தார்.

அண்ணனின் போனிலிருந்து அவளே பேசினாள். பதற்றத்தில் முழுக்க முழுக்க அவர்கள் பாஷை. மந்தையில் இருந்த ஒருவருக்கும் ஒரு சொல் புரியவில்லை. அத்தனை பேரும் அந்தச் சிறுமியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் புருவத்தை உயர்த்தினால் எங்களுக்கு மூச்சு நின்றது. தலையாட்டினால், எதற்கு ஆட்டுகிறாள் என்று தெரியாமல் நாங்களும் ஆட்டினோம்.

"ஏ பாப்பா, தமிழ்ல பேசுத்தா! உசுரு போகுது!" என்று அண்ணன் கெஞ்சினார்.

அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னாள். "துத்தம் போடலயாம்."

அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார்.

அவள் அதோடு விடவில்லை. அப்பா சொன்னதை ஒரு சொல் விடாமல் தமிழில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள் போல. "டப்பா காலியா இருந்துச்சாம். இருந்திருந்தா கண்டிப்பாப் போட்டிருப்பாராம்."

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தண்ணி நல்லாக் காட்டுங்க, காலையில வந்து பாக்குறேன்" என்று சொல்லி டாக்டர் கிளம்பினார். மந்தையில் மறுபடி சிரிப்புக் கிளம்பியது. என்னால் சிரிக்க முடியவில்லை. மறுநாள் காலை டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

காளை அன்று வாடிவாசலை விட்டு வந்த வேகத்தில் ஒருவரும் திமிலைத் தொடவில்லை. பரிசாக வந்த அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அண்ணன் தெருவில் ஆடிக்கொண்டே வந்தார். எங்கள் வீட்டு வாசலில் நின்று, "சம்பந்தி!" என்று என் அப்பாவைக் கூப்பிட்டார். அந்தப் பெயர் இன்றுவரை மாறவில்லை.

மாலை வாங்கியவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்ப் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னோம். சிலர் வாங்கிக்கொண்டார்கள். பலர், "சிரிச்ச சிரிப்புக்கு அது சரியாப் போச்சு" என்று விட்டுவிட்டார்கள். மிஞ்சியது ஒரு டயருக்குத்தான் போதுமாயிருந்தது. இன்னொன்றை அப்பாவே வாங்கிப் போட்டார்.

அடுத்த தை பிறப்பதற்கு முன்பே அண்ணன் வந்து நின்றார். "அதே மாதிரி மால வேணுமத்தா. உப்பு, வெல்லம் கொறையாமப் போடு. ராசியான மால!" இந்த முறை பசையை முழுக்க நாங்களே காய்ச்சினோம். என்னென்ன போட்டிருக்கிறோம் என்று ஒரு சீட்டில் எழுதி மாலையிலேயே கட்டிக் கொடுத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்காளைக்கு வாசிக்கத் தெரியாதேத்தா?" என்றார்.

இப்போது டிப்ளமோ முடித்து, ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சிறு குழந்தைகள் வாயில் வைக்கக்கூடிய பிளாஸ்டிக் சாமான்கள் என் மேஜைக்கு வரும். "இதெல்லாம் யாரும் திங்க மாட்டாங்க, கையெழுத்துப் போடும்மா" என்று அவசரப்படுத்துவார்கள். எதில் என்ன கலந்திருக்கிறது என்று கடைசிப் பொருள்வரை கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நான் போடுவதில்லை. என் கையைத் தாண்டிப் போன ஒரு பொருளுக்காக, புரியாத பாஷையில் போன் பேசும் ஒருவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உயிரைப் பிடித்தபடி நிற்கும் நிலை இன்னொருவருக்கு வரக்கூடாது. எல்லா முறையும் டப்பா காலியாக இருக்காது.