ஒரு பழைய வேட்டி கிடைக்குமா?

போன செவ்வாய்க்கிழமை, வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு வீட்டு வாசலில் நின்று பழைய துணி கேட்டேன்.

நான்! சேலையூரில் சொந்த வீடு, வீட்டுக்காரருக்கு ரயில்வே பென்ஷன், வாரா வாரம் இந்தப் பக்கத்தில் ஊருக்கெல்லாம் புத்தி சொல்லும் நான்! எதிர் வரிசையில் புதிதாகக் குடிவந்திருக்கும் அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போனார். ஒரு பத்து ரூபாய் நோட்டோடு திரும்பி வந்து, எந்த ஆசிரமம் என்று விசாரித்தார்.

ஆசிரமம் இல்லை, என் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், பழைய காட்டன் வேட்டி இருந்தால் கொடுங்கள், துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப் போனதாக இருந்தால் நல்லது என்று விளக்கினேன். அவர் வீட்டில் ஆண்கள் எல்லோரும் பெர்முடாஸ்தானாம். கதவைச் சாத்திக்கொண்டார். பத்து ரூபாயையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்பது வேறு விஷயம்.

எதற்கு இந்தப் பிச்சை என்கிறீர்களா? என் மகள் நித்யாவின் உத்தரவு!

நித்யாவுக்கு சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. மாப்பிள்ளைக்கும் அங்கேதான். இரண்டு பேரும் சேர்ந்து வாங்குகிற சம்பளத்தை நான் சத்தமாகச் சொன்னால் இவர் பென்ஷன் வெட்கப்படும். அப்படிப்பட்டவள் ஒன்பதாம் மாதம் பெட்டியோடு வந்து இறங்கியதும் போட்ட முதல் சட்டம் — குழந்தைக்கென்று புதுசாக ஒரு கர்ச்சீஃப்கூட வாங்கக் கூடாது. தொட்டில், மெத்தை, கொசுவலை, சட்டை, பாலாடை எல்லாமே யாராவது பயன்படுத்திய பழசாக இருக்க வேண்டும். டயப்பர் என்ற பேச்சே கூடாது. பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினால் போதும்.

ஏன்? அதற்கு ஒரு பிரசங்கம் வைத்திருக்கிறாள். அவளுடைய கம்பெனி பஸ் தினமும் பள்ளிக்கரணை குப்பை மேட்டைத் தாண்டித்தான் போகும். அந்தப் புகையை மூன்று வருஷமாக மூச்சில் இழுத்தவளுக்கு, தன் பிள்ளையின் டயப்பரும் அங்கே போய் மலையாகக் குவிய வேண்டாமாம். இன்டர்நெட்டில் இதற்கென்று ஒரு கும்பல் இருக்கிறது. தினம் நாலு மெயில் அனுப்பிக்கொள்கிறார்கள்.

நல்ல விஷயம்தான். நான் மறுக்கவில்லை. ஆனால் எழுதுகிறவர்களுக்கு மெயில், அலைகிறவளுக்கு முட்டி வலி. நியாயமா?

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கலாம்... இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பத்தி ஆறு வாரம் வரவில்லை. நீங்கள் கடிதம் போட்டுக் கேட்டீர்கள். உடம்பு சரியில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. நித்யாவின் முதல் குழந்தை எட்டாம் மாதம் வயிற்றிலேயே இறந்துபோனது. பெண் குழந்தை.

அப்போது எல்லாவற்றையும் புதுசாக வாங்கியவள் நான்தான். பிறக்கும் முன்னே எதுவும் வாங்கக் கூடாது என்று சொன்னவர்களைப் பத்தாம்பசலி என்று கேலி செய்துவிட்டு, ஏழாம் மாதமே ஆட்டோ நிறைய வாங்கிவந்து பீரோவில் அடுக்கினேன். எல்லாம் முடிந்த ஐந்தாம் நாள் ஒரு உறவுக்காரர் துக்கம் கேட்க வந்து, காபி குடித்துக்கொண்டே, முன்கூட்டி வாங்கினால் இப்படித்தான் ஆகும் என்றார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கும் தெரியும். ஆனால் அந்த மனுஷர் காபி டம்ளரை வைத்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

ஆகவே இந்தத் தடவை இந்தக் குழந்தை நல்லபடியாக வந்து சேர வேண்டும். இது தவிர வேறு பிரார்த்தனை கிடையாது. பழைய வேட்டி என்ன, பழைய செருப்பு கேட்டாலும் தேடித்தான் கொடுப்பேன்... முணுமுணுத்துக்கொண்டே!

முணுமுணுக்கக் காரணம் இருக்கிறது. இந்த ஊரில் பழைய காட்டன் துணி இல்லை. சத்தியமாக இல்லை. என் வீட்டிலேயே இரண்டு மூட்டை இருந்தது. போன ஆடி மாதம், பழைய துணிக்குப் பாத்திரம் என்று கூவிக்கொண்டு வந்த அம்மாளிடம் அத்தனையையும் போட்டு ஒரு எவர்சில்வர் இட்லிப் பானை வாங்கினேன். அரை மணி நேரம் பேரம் பேசி ஒரு கரண்டியும் சேர்த்து வாங்கினேன். எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்!

இவர் வேட்டிகளைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் பாலியஸ்டர் கலந்தது. உதறினால் காய்ந்துவிடும், இஸ்திரி வேண்டாம் என்று நான்தான் வாங்கிப் பழக்கினேன். ஒரு சொட்டுத் தண்ணீரை அது உறிஞ்சாது. அதைக் குழந்தைக்குக் கட்டுவதற்கு ரெயின்கோட்டைக் கட்டலாம்.

உறவுக்காரர்களிடம் கேட்டேன். அது அடுத்த கூத்து. பழசு கேட்டால் யாரும் பழசு தருவதில்லை. கௌரவக் குறைச்சலாம். பல்லாவரத்திலிருந்து ஒருவர் பவுடர், சோப்பு, சீப்பு எல்லாம் வைத்த கிஃப்ட் பெட்டி கொண்டுவந்தார். இன்னொருவர் ஜிகினா வைத்த கவுன். நித்யா எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே வாசலோடு திருப்பி அனுப்பினாள். அவர்கள் என்னிடம் முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் வேலை செய்யும் சரசா பம்மலிலிருந்து வருகிறவள், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள்.

"இன்னாம்மா இது? பாப்பா கம்ப்யூட்டர் கம்பெனில வேல செய்யுது. நீங்க வூடு வூடாப் போய் கந்தத் துணி கேட்டுகினு கீறீங்க. தெருவுல கேக்கறவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

இவளிடம் யார் பதில் கேட்டார்கள்? அதுவும் எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் தொட்டில் கிடைத்தது. குரோம்பேட்டையில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணி மாலதி கொடுத்தாள். கொடுத்தாள் என்றால் சும்மா கொடுப்பாளா? கூடவே ஒரு பட்டியல். மரத்தொட்டில் ஒன்று, கொசுவலை ஒன்று (ஒரு ஓட்டை ஏற்கெனவே உண்டு), பாலாடை ஒன்று, கிலுகிலுப்பை இரண்டு. காரியம் முடிந்ததும் எல்லாவற்றையும் துடைத்துத் திருப்பித் தர வேண்டும் என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தொட்டிலை ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே இறக்கிவிட்டு வந்திருப்பேன்.

நித்யாவுக்கோ ஒரே சந்தோஷம். அத்தை எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறார் பார் என்று அந்தப் பட்டியலை ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்தாள். தொட்டிலின் நாலு திருகும் ஒரு டப்பாவில் பத்திரமாக இருந்தன. தொட்டிலைப் பூட்ட வேண்டாம், அப்படியே சுவரோரம் சாய்த்து வைத்தால் போதும் என்றாள்.

வேட்டி கிடைத்தது ஜெயினப் வீட்டிலிருந்து. அடுத்த தெருதான். அவள் கணவர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். நாற்பது வருஷமாகக் காட்டன் வேட்டி தவிர வேறு கட்டியதில்லை. விஷயம் காதில் விழுந்து ஜெயினப்பே ஆறு வேட்டிகளைத் துவைத்து மடித்து எடுத்து வந்தாள். தொட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு மெத்து! எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் ஆன்ட்டி என்றாள் நித்யா. ஜெயினப் என்னைப் பார்த்தாள், நான் ஜெயினப்பைப் பார்த்தேன். நைந்துபோன வேட்டியைத் திருப்பி வாங்கி அவள் என்ன செய்வாள்? ஐ.டி. பெண்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று நாங்கள் இருவரும் சிரித்து விட்டுவிட்டோம்.

அதற்குப் பிறகுதான் உண்மையான பேஜார் ஆரம்பித்தது.

வேட்டி வந்தால் என்ன செய்ய வேண்டும்? சதுரமாகக் கிழித்து, கொதிக்கும் தண்ணீரில் போட்டு அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டு அடுக்க வேண்டும். இது கார்த்திகை மாதம். தாம்பரத்தில் சூரியனைப் பார்த்து எட்டு நாளாகிறது. ஒரு டவல் காய மூன்று நாள். டாக்டரோ, இனி எப்போது வேண்டுமானாலும் வலி வரலாம் என்கிறார். ஆனால் நித்யா கிழிக்க விடவில்லை. நாளைக்குக் கிழிக்கலாம் என்றாள். அப்புறம் பிறந்த பிறகு கிழிக்கலாம் என்றாள். நான் கத்தரிக்கோலை எடுத்தால் வேட்டிகளை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். ஆறு வேட்டியும் மடிப்புக் கலையாமல் அலமாரியில் உட்கார்ந்திருந்தன.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்குப் பொறுமை போய்விட்டது. தெருத்தெருவாக அலைந்தேன், ஆசிரமத்துக்காரி என்று பெயர் வாங்கினேன், சரசாவிடம் பேச்சுக் கேட்டேன், இவ்வளவும் அலமாரியில் அடுக்கி அழகு பார்க்கவா? பிள்ளை ஈரத்தில் கிடந்து அழும்போது, இன்டர்நெட்டில் இருக்கும் உன் கும்பல் வந்து வேட்டி கிழிக்குமா? நிறைய கத்திவிட்டேன். ஒன்பது மாதக்காரியிடம் கத்தக் கூடாது என்று தெரியும். தெரிந்தே கத்தினேன்.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"போன தடவை நீ வாங்கினதெல்லாம் என்ன ஆச்சுன்னு நீ கேட்கவே இல்லையேம்மா" என்றாள்.

மாப்பிள்ளை ஏதாவது ஒரு இல்லத்துக்குக் கொடுத்திருப்பார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கேட்கத் தைரியம் இல்லாததால் கேட்கவில்லை.

"நான்தான் கடைக்கு எடுத்துக்கிட்டுப் போனேன். தனியா. ரிட்டர்ன் பண்ணணும்னா ஒரு ஃபார்ம் குடுப்பாங்க. அதுல காரணம்னு போட்டு மூணு கட்டம் இருந்துச்சு. கலர் பிடிக்கலை, டேமேஜ், சைஸ் சரியில்லை. நான் சைஸ் சரியில்லைன்னு டிக் பண்ணேன். வேற சைஸ் காட்டட்டுமா, பாப்பாவுக்கு எத்தனை மாசம்னு அந்தப் பொண்ணு கேட்டாம்மா."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பழசுன்னா அப்படியே திருப்பிக் குடுத்துடலாம். யாரும் காரணம் கேட்க மாட்டாங்க. வேட்டியைக் கிழிச்சுட்டா எப்படிம்மா குடுக்கிறது?"

குப்பை மேடு பொய் இல்லை. அவள் அதையும் நிஜமாகத்தான் சொன்னாள். ஆனால் அதற்குப் பின்னால் இது இருந்திருக்கிறது. பத்து நாளாக அவளைக் கஞ்சப் பிசினாறி என்றும், ஃபேஷன் பிடித்து ஆட்டுகிறது என்றும் இவரிடம் பொருமிக்கொண்டிருந்தேனே... பெற்ற மகளின் பயம் தெரியாமல் ஊருக்குப் பத்தி எழுதி என்ன பிரயோஜனம்? எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவளும் அழுதாள். பத்து நிமிஷம் ஆனது.

அப்புறம் எழுந்துபோய் அலமாரியைத் திறந்து மேலே இருந்த வேட்டியை எடுத்தேன். ஓரத்தில் கத்தரிக்கோலால் ஒரு வெட்டுப் போட்டு இரண்டு கையாலும் இழுத்தேன். பழைய துணி, அதிகச் சத்தம் போடாமல் நேராகக் கிழிந்துகொண்டே போனது.

அம்மா என்றாள் நித்யா. வேண்டாம் என்கிறாளா, வேறு ஏதாவதா... நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவேன் என்று பயம்.

"இதை இனிமே யாருக்கும் திருப்பிக் குடுக்க முடியாது" என்றேன். "எந்திரி. வந்து அந்த முனையைப் பிடி."

உடனே வரவில்லை. அடுத்த வேட்டிக்கு நான் வெட்டுப் போட்ட பிறகு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து வந்தாள். முனையைப் பிடித்தாள். இரண்டு பேரும் எதிரெதிரே நின்று இழுத்தோம். ஆறு வேட்டியும் முடிந்தபோது தரையெல்லாம் நூல். சாயங்காலம் அவளே அப்பாவைக் கூப்பிட்டு, அந்தத் திருகு டப்பாவைக் கையில் கொடுத்து, தொட்டிலைப் பூட்டச் சொன்னாள். இவர் ஒரு திருகை மாற்றிப் போட்டு, கழற்றி, மறுபடி பூட்டினார். எனக்குக் கோபம் வரவில்லை. அன்று ஒரு நாள் மட்டும்.

இப்போது கோபம் வந்துவிட்டது. இதை எழுதும்போது வெளியே நல்ல மழை. ஹாலில் மூன்று கொடி, படுக்கையறையில் இரண்டு, சமையலறை வாசலில் ஒன்று. குனியாமல் வீட்டுக்குள் நடக்க முடியாது. டி.வி. தெரியவில்லை என்று இவர் புலம்புகிறார். கரண்ட் போனால் ஃபேனும் இல்லை. தொட்டால் ஒவ்வொன்றும் இன்னும் சில்லென்று இருக்கிறது.

காய்ந்து தொலையேன்... வீட்டுக்கு ஆள் வரப்போகிறது!