நான் சுண்ணாம்பு அடித்த மரங்கள்

பதினெட்டு ஆண்டுகளாக ஒரு பொய்யைக் காப்பாற்றி வந்தேன், ஓய்வுபெறும் வரை அதைப் பாடமாகவும் நடத்தினேன். அதை எப்படிச் சொல்லத் தொடங்கினேன், எப்படி நிறுத்தினேன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

வேளாண் பொருளாதாரம் படித்த நான் வேலையில் பெரும்பகுதியைச் சேர்வராயன் மலையில் கழித்தேன். காபி விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்வது என் பணி. ஐம்பது வயது தாண்டியிருந்த சமயத்தில் ஒரு திட்டம் என் பொறுப்பில் வந்தது. மலைக்காரர்களின் தோட்டங்களில் நிழல் அதிகம், மரங்களைக் குறைத்தால் விளைச்சல் கூடும் என்பது அதன் சாரம். எத்தனை அடிக்கு ஒரு நிழல் மரம் நிற்கலாம் என்று அட்டவணை போட்டவன் நானே. அந்த அட்டவணையை முதன்முதலில் நடைமுறைப்படுத்திப் பார்க்க, கரடியூருக்குக் கீழே இரண்டு ஏக்கர் சொச்சம் காபி வைத்திருந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். சொன்னதைச் செய்வார். அதனால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

வெட்ட வேண்டிய மரங்களுக்கு நானே சுண்ணாம்பு அடித்தேன். ஒரு கையில் அட்டவணை, மறு கையில் சுண்ணாம்பு தோய்க்கும் மட்டை. சில்வர் ஓக், பலா, அத்தி எல்லாவற்றிலும் இடுப்புயரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. அவர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். மேற்குச் சரிவுக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

“ஏனுங்க சார், இந்தப் பக்கமுங்களா?”

“ஆமா. ஏன்?”

“மத்தியானத்துக்கு மேல வெயிலு இங்கதானுங்க வந்து உக்காரும். இத விட்டுப்போட்டு மத்த பக்கம் மட்டும் வெட்டலாமுங்களா?”

“கணக்கு எல்லாப் பக்கத்துக்கும் ஒண்ணுதான்ப்பா. டப்பாவைக் கொண்டா.”

அப்போதெல்லாம் அவரை ‘வாப்பா, போப்பா’ என்றுதான் அழைத்தேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. மொத்தம் முப்பத்தாறு மரங்கள். முப்பத்தாறையும் வெட்டினார். அதற்கு மேல் ஒன்றுகூட வெட்டவில்லை.

முதல் வருடம் காபி நன்றாகப் பூத்தது. நான் படம் எடுத்து மேலதிகாரிக்கு அனுப்பினேன். அடுத்த வருடம் மேற்குச் சரிவில் இலைகள் மஞ்சளாயின. செடியின் தண்டில் வரிவரியாகப் புடைப்பு. தண்டுத்துளைப்பான். வெயில் நேராக விழும் தண்டில்தான் அந்த வண்டு முட்டையிடும் என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல, பாடத்தில் படித்ததுதான். புழு உள்ளே போய்விட்டால் செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. அவரும் அவர் மனைவியும் ஒரு வாரம் பிடுங்கினார்கள். அவர்கள் கையால் வைத்த செடிகள். நான் ஒருநாள் போய்ப் பார்த்தேன். புகைக்கு நடுவில் அந்த அம்மா என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

ஆய்வுக் கூட்டத்தில் மேலதிகாரி கேட்டார், “இந்தத் தோட்டம் மட்டும் ஏன் இப்படிப் போச்சு?”

பதிலை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது: “குறிச்சதுக்கு மேல வெட்டிட்டார் சார்.”

அவ்வளவுதான். யாரும் போய்ப் பார்க்கவில்லை. இரண்டு மழையில் சுண்ணாம்பு போயிருந்தது, வெட்டிய அடிமரங்களில் பாதி விறகாகியிருந்தது. அந்த வாக்கியம் அறிக்கையில் ஏறியது. அறிக்கையிலிருந்து, வேளாண் மாணவர்களுக்கு நான் எடுத்த வகுப்புகளுக்கு வந்தது. புதிய முறையைச் சிறு விவசாயிகளிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த மொட்டைச் சரிவின் படத்தைக் காட்டுவேன். சொல்லச் சொல்லக் கதை மெருகேறியது. ‘கூடுதலாக வெட்டினார்’ என்பது ‘ஆசையில் வெட்டித் தள்ளினார்’ என்றானது. அந்த இடத்தில் மாணவர்கள் சிரிப்பார்கள். சிரிப்பு வருவதற்காக ஒரு நொடி நிறுத்திச் சொல்லவும் பழகிக்கொண்டேன்.

இதைவிட மோசமான ஒன்றையும் செய்தேன். கரடியூர், பக்கத்து ஊர் விவசாயிகளை ஒரு பஸ்ஸில் ஏற்றி, எதைச் செய்யக்கூடாது என்று காட்ட அந்தச் சரிவுக்கே அழைத்துப் போனேன். அவர் எல்லோருக்கும் காபி கொடுத்தார். கையில் தூக்குப்போசியோடு அவர் நிற்கும்போதே, அவருடைய நிலத்தில் நின்றுகொண்டு, அந்தக் கதையைச் சொன்னேன். அவர் மறுத்துப் பேசுவார் என்று உள்ளுக்குள் பயந்தேன். அவர் என் டம்ளரை வாங்கி இன்னொரு முறை ஊற்றினார். அன்றிலிருந்து அவருக்கு ஊரில் ‘மொட்டக்காடு’ என்று பெயர் வந்துவிட்டது.

ஓய்வுபெற்ற பின் ஏற்காட்டிலேயே தங்கிவிட்டேன். அவரை அவ்வப்போது பஸ்ஸில் பார்ப்பேன். “சௌக்கியங்களா சார்” என்பார். நானும் சௌக்கியம் என்பேன்.

இந்த வருடம் ஏரிப் பக்கம் அவர் மனைவி, அந்த அம்மா, கூடையில் பட்டர் ஃப்ரூட் விற்றுக்கொண்டிருந்தார். நான் இரண்டு பழம் எடுத்தேன். அழுத்திப் பார்த்தேன்.

“நல்லா அமுக்கிப் பாருங்க சார். நீங்க படிச்சவிங்க, உங்களுக்குத் தெரியாததா” என்றார்.

என்ன சேதி என்று கேட்டேன். ஒரு கம்பெனி வந்திருக்கிறதாம். கரடியூர்ப் பக்கத்துத் தோட்டங்களை ஒரே பரப்பாகக் குத்தகைக்கு எடுத்து, கருவிகள் வைத்து, கணினி சொல்கிறபடி சாகுபடி செய்யப்போகிறதாம். நிலத்துக்காரர்கள் அதிலேயே கூலிக்குப் போகலாமாம். ஊர் விவசாயிகள் குழு சம்மதித்தால் எல்லார் நிலமும் சேர்ந்து போய்விடும்.

“எங்க ஊட்டுக்காரருக்கு அதுல இஷ்டமில்லீங்க. கருவி வரட்டும், அது சொல்றதையும் கேக்கலாம், வெட்டறதா வேண்டாமாங்கறத நாமளே முடிவு பண்ணிக்கலாம்ங்கறாரு. ஆனாக் கூட்டத்துல வாயத் தொறந்தா, ‘மொட்டக்காடு பேசுது, கோடாலிய ஒளிச்சு வைங்கடா’ன்னு சிரிக்கறாங்க. மனுசன் உக்காந்துக்கறாரு.” பழத்தைக் காகிதத்தில் சுற்றி என் கையில் வைத்தார். “பேரு நீங்க வெச்சதுங்க. பொருத்தமாத்தான் வெச்சிருக்கீங்க.”

அன்று முழுதும் எனக்கு வேலை ஓடவில்லை. நான் சொன்ன பொய்யால் அந்த மனிதருக்கு அன்றைக்குக் கெட்ட பெயர் வந்தது, அதோடு போயிற்று என்று எண்ணியிருந்தேன். அது இன்னும் அவர் வாயை அடைத்துக்கொண்டிருப்பதும், இனி அவர் நிலத்தையும் கொண்டுபோகக் கூடும் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

அடுத்த சில வாரங்களில் ஏற்காட்டில் ஒரு விடுதி அரங்கில் வேளாண்மையின் எதிர்காலம் பற்றி நிபுணர்கள் கூட்டம் நடந்தது. குத்தகைத் திட்டத்தைப் பற்றியும் அங்கே கருத்துச் சொல்ல வேண்டும். மூத்தவன் என்று என்னையும் மேடையில் உட்காரவைத்தார்கள். ஒருவர் ட்ரோனைப் பற்றிச் சொன்னார். ஒருவர் மழை முறை மாறிவிட்டதைப் படங்களோடு காட்டினார், அது கேட்கத் தகுந்த பேச்சு. இன்னொருவர் இனி விவசாயி என்று தனியாக ஒருவர் தேவைப்பட மாட்டார் என்றார். கரடியூர்க் குழுவிலிருந்து சிலர் வந்து கடைசி வரிசையில் இருந்தார்கள். அந்த விவசாயியும் இருந்தார்.

பிறகு கல்லூரியில் பொருளாதாரம் கற்பிக்கும் ஓர் இளம்பெண் பேசினார். தெளிவான பேச்சு. சிறு தோட்டங்களில் புதிய முறைகள் தோற்பது முறையின் குறையால் அல்ல, செய்கிறவர்களின் பிழையால்தான், ஆகவே நிர்வாகத்தை ஒரே கையில் கொடுப்பது நல்லது என்றார். சான்றாக ஒரு படம் போட்டார். நான் எடுத்த படம். மொட்டைச் சரிவு. “இந்த ஆய்வைச் செய்தவர் நம்மோடு இருக்கிறார்” என்று என் பக்கம் கை காட்டினார். கைதட்டினார்கள்.

மைக்கை வாங்கினேன். “அந்த விவசாயி ஒரு மரம்கூடக் கூடுதலா வெட்டலை. முப்பத்தாறு மரத்துக்கும் சுண்ணாம்பு அடிச்சது நான். மேற்குச் சரிவை விட்டுடலாமான்னு அவர் கேட்டார். நான் கேக்கலை. செடி செத்ததும் பழியை அவர் மேல போட்டேன். அறிக்கையில இருக்கறது பொய்.”

அந்தப் பெண்தான் முதலில் பேசினார்.

“சார், உங்க அட்டவணையில சரிவு எந்தத் திசையைப் பார்க்குதுன்னு ஒரு கட்டம் உண்டா?”

“இல்லைம்மா.”

அவர் மடிக்கணினியைத் திறந்து சிறிது நேரம் பார்த்தார். “இந்தத் திட்டத்தோட கணினிக்கு எங்க கல்லூரி அடிப்படையாக் கொடுத்தது உங்க அட்டவணையைத்தான். அதுலயும் திசை கிடையாது. இந்தத் தோட்டம் ‘விவசாயியின் பிழை’ன்னு பதிவாகியிருக்கு.” நிமிர்ந்தார். “அதாவது, அந்த மாதிரி மேற்குச் சரிவுலயெல்லாம் கணினி மறுபடி மரத்தை வெட்டச் சொல்லும் சார்.”

கூட்டத்தை நடத்தியவர் ‘மனம் திறந்த பகிர்வு’ என்று எனக்கு நன்றி சொல்லித் தேநீர் இடைவேளை அறிவித்தார். அந்தப் பெண் தேநீருக்குப் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து, தன் பேச்சில் எதையெல்லாம் நீக்க வேண்டும் என்று கோடு போட்டுக்கொண்டிருந்தார். நான் பதினெட்டு வருடத்தில் செய்யாததை அவர் பத்து நிமிடத்தில் செய்தார். நாளைக்கு என்ன விளையும், எது விலை போகும் என்று சொல்வது எங்கள் தொழில். சொன்னது தவறினால் மழை மேலும் மண் மேலும் விவசாயி மேலும் போட எங்களுக்கு இடம் இருந்தது. கருவி வந்த பிறகும் அந்த இடம் அப்படியேதான் இருக்கிறது. தவறு எங்கே நடந்தது என்று பதிவேட்டில் எழுதுகிறவனாவது நேர்மையாக எழுத வேண்டும். நான் எழுதவில்லை.

வெளியே வாசலில் அந்த விவசாயி நின்றிருந்தார். நான் போய் எதிரில் நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“ஏனுங்க சார், நெசமாலுமே முப்பத்தாறுதானுங்களா?”

“முப்பத்தாறுதாங்க. என் நோட்டுல இருக்கு. நீங்க எண்ணித்தானே வெட்டினீங்க?”

“எண்ணித்தானுங்க வெட்டுனேன். ஆனா நீங்க அத்தன பேரு முன்னால சொன்னீங்களா, படிச்சவிங்க பொய் சொல்லமாட்டாங்கன்னு நெனச்சுப்போட்டேன். அவசரத்துல ரெண்டு மரம் கூட வெட்டியிருப்பனாட்டம் இருக்குதுன்னே இத்தன வருசமும் இருந்துட்டேனுங்க. எங்க ஊட்டுக்காரி மட்டும் இல்லவே இல்லைன்னு சண்டை போடுவா.”

அவர் பொறுமையால் மௌனமாக இருந்தார் என்று நான் வசதியாக நினைத்திருந்தேன். என்னை நம்பியதால் தன்னையே நம்பாமல் இருந்திருக்கிறார்.

“உள்ள எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்” என்றேன், ஏதோ கொடுத்துவிட்டவன் போல.

அவர் அரங்கைத் திரும்பிப் பார்த்தார். “அவிங்கள்ல முக்காவாசிப் பேருக்கு என்னைத் தெரியாதுங்களே” என்றார். “எங்கூர்ல சொல்லுங்க சார். நாளைக்கழிச்சு ரேசன் கடையில அரிசி போடறாங்க. எல்லாரும் இருப்பாங்க. அதுக்கடுத்த நாள் குழுக் கூட்டமுங்க.”

போனேன். முதல் பஸ்ஸில் இறங்கியபோதே வரிசை நீண்டிருந்தது. பைகளும் சாக்குகளும் இடம் பிடித்திருக்க, ஆட்கள் ஓரமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். இவர்களில் பாதிப் பேர் அன்று அந்த பஸ்ஸில் வந்தவர்கள். நடந்ததை நடந்தபடி சொன்னேன். சுண்ணாம்பு, மேற்குச் சரிவு, அவர் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில், கூட்டத்தில் சொன்ன பொய், அதை அவர் நிலத்திலேயே நின்று திரும்பச் சொன்னது.

“இதச் சொல்லத்தான் சார் பஸ் ஏறி வந்தீங்களா? நாங்க அரிசிக்கு வந்தீங்களோன்னு பாத்தோம்” என்றார் ஒருவர். சிலர் சிரித்தார்கள்.

சிரிக்காமல் இருந்த ஒருவர், அந்த விவசாயியின் வயதுக்காரர், மெல்லக் கேட்டார்: “கோடாலிய ஒளிச்சு வைங்கன்னு சொல்றது நானுங்க. அப்ப அந்தத் தப்புல எனக்கும் பங்குங்களா சார்?”

“முதல்ல எனக்குங்க” என்றேன்.

அந்த அம்மா வரிசையில் அட்டையோடு நின்றிருந்தார். அவரிடம் போய்க் கைகூப்பினேன்.

“கும்பிடெல்லாம் வேண்டாமுங்க. சொன்னது நல்லதுங்க. ஆனா நான் மனசாறிட்டேன்னு போய் எங்கயும் சொல்லிக்காதீங்க” என்றார். “அந்தச் செடியெல்லாம் நான் தண்ணி சொமந்து ஊத்துனதுங்க.”

தலையாட்டினேன்.

அதற்குள் ஓரத்தில் நின்றவர்கள் அந்த அம்மாவின் கணவரைச் சுற்றியிருந்தார்கள். கோடாலிக்காரர்தான் கேட்டார்: “ஏப்பா, அப்ப மேக்குச் சரிவெல்லாம் குத்தகையில போனா கம்பெனிக்காரன் என்ன பண்ணுவான்?” அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசத் தொடங்கினார். முதலில் தரையைப் பார்த்துப் பேசினார். ஒருவர் குறுக்கே புகுந்து, குத்தகை விட்டால் தலைவலி இல்லை என்று வாதாடினார். அவர் உட்கார்ந்துகொள்ளவில்லை. எந்தச் சரிவில் எந்த மாதம் வெயில் எங்கே விழும் என்று கையை நீட்டி ஒவ்வொன்றாகக் காட்டினார். அவர் பேச்சைக் கேட்டுவிட்டு மறுத்தார்கள், மறுத்துவிட்டு மறுபடி கேட்டார்கள். மறுநாள் கூட்டத்தில் என்ன முடிவாகும் என்று எனக்குத் தெரியவில்லை.

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். வரிசையிலிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது.

“சார், பஸ் திரும்பிப்போட்டான். இத விட்டா மத்தியானந்தானுங்க.”

நான் போய் ஏறிக்கொண்டேன்.