என் கைக்குப் பழகிய குதிரை

என் வீட்டுக்காரர் பந்தயத்தில் குதிரை வண்டி ஓட்டியவர். கோயில் திருவிழாவுக்கு ரோட்டில் நடத்துகிற பந்தயம். வத்தலக்குண்டுப் பக்கம், தேனிப் பக்கம் எங்கே என்றாலும் போவார். சின்னாளபட்டியைத் தாண்டி எங்களுக்குக் கொஞ்சம் சம்பங்கித் தோட்டம். தோட்டம் என் பாடு. குதிரை அவர் பாடு.

ஒரு நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு வந்தார். வலது கை வரவில்லை. தொங்கிக்கொண்டு இருந்தது, அவ்வளவுதான். இடது கையிலும் பாதிப் பலம்தான். கால் தேறிவிட்டது, ஆனால் நடந்து எங்கும் போகவில்லை. பேச்சும் வந்தது, ஆனால் பேசவில்லை. நாள் முழுக்கக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்.

குதிரை கனைத்தால் மட்டும் தலை திரும்பும். ஒரு தடவை வண்டியில் ஏறிக் கடிவாள வாரைப் பிடித்துவிட்டால் இந்த ஆள் மீண்டுவிடுவார் என்று அதைப் பார்த்துத்தான் நினைத்தேன். இல்லாவிட்டால் கட்டிலோடு போய்விடுவார்.

ஆனால் அந்தக் குதிரையை அந்தக் கையால் ஓட்ட முடியாது. பந்தயக் குதிரைக்குப் பழக்கம் வேறு. ஓட்டுகிறவர் வாரை முஷ்டியில் சுற்றிக்கொண்டு, முன்பலகையில் காலை ஊன்றி, பின்னால் சாய்ந்து இழுப்பார். இழுக்க இழுக்க அது கடிவாளத்தில் பாரத்தைப் போட்டுப் பறக்கும். இறுக்கினால் ஓட வேண்டும். விட்டால் நிற்க வேண்டும். அப்படியே ஓடி ஓடி வாயோரம் புண்ணாகிக் காய்த்துப்போயிருந்தது. பலமில்லாத கை பிடித்தால் அது நகராது. பயந்து இழுத்துவிட்டால் தெறித்து ஓடும், பயந்த கை பிடியை விடவும் விடாது.

விற்றுவிடச் சொன்னான் கொழுந்தன். பழக்கிப் பார்க்கிறேன் என்றேன்.

கடிவாள இரும்பில் சைக்கிள் டியூப்பைச் சுற்றினேன். வண்டி பூட்டாமல், நீளமாகக் கயிறு போட்டு, சோளம் அறுத்த காட்டில் அதன் பின்னால் நடந்தேன். முதலில் என்னை இழுத்துக்கொண்டு போனது. சோளத் தட்டைக்குள் விழுந்து முழங்கால் கிழிந்தது. கயிற்றை விட்டால் நின்றது. பிடித்தால் மறுபடி இழுத்தது.

எனக்குத் தெரிந்தது மாடு கறப்பதுதான். காம்பை வெடுக்கென்று இழுத்தால் மாடு உதைக்கும். விரலை ஒவ்வொன்றாக மடக்க வேண்டும். கயிற்றையும் அப்படித்தான் பிடித்தேன். அது தாடையை இளக்கினால் உடனே விரலை விட்டேன். இளக்காவிட்டால் விடவில்லை, இழுக்கவும் இல்லை.

கொழுந்தன் வரப்பில் நின்று பார்த்தான்.

“மதினி, குதிரையில பாலு கறக்கப் பாக்குறீகளா? செம்பு கொண்டாரவா?”

“கறந்தா மொதக் காப்பி ஒனக்குத்தான்” என்றேன்.

சிறுமலைக்கு மேல் அந்த வருஷத்து மழை இறங்கி ஓய்கிற வரை இதே வேலை. பிறகு ஒரு நாள் குதிரை கழுத்தைத் தாழ்த்தி நடந்தது. கயிற்றில் பாரமே இல்லை, பூக்கட்டும் நார் மாதிரி இருந்தது. ஆனால் அந்த முனையில் அது என்னைக் கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. விரலை மடக்கினேன், நின்றது. நாக்கைத் தட்டினேன், போனது. வண்டி பூட்டியும் பார்த்தேன். அப்போதும் அப்படியே.

அவரிடம் சொன்னேன். எழுந்து உட்கார்ந்தார். முகம் மழிக்கச் சொன்னார்.

கொழுந்தன்தான் தூக்கி ஏற்றினான், தானும் பின்னால் ஏறிக்கொண்டான். கண்மாய்க் கரை வரைக்கும் நான் ஓட்டினேன். அங்கே, “குடு” என்றார். கொடுத்தேன். வலது கை மடங்கவில்லை. இரண்டு வாரையும் இடது முஷ்டியில் சுற்றினார். காலைப் பலகையில் ஊன்றினார். படுத்ததிலிருந்து நான் பார்க்காத முகம் அது.

“இழுக்காதீக. விரல் போதும்” என்றேன்.

அவர் காதில் விழவில்லை. குதிரை நடந்தது, பிறகு துள்ளு நடை போட்டது. கரை நேராகிற இடத்தில் பல்லைக் கடித்துச் சத்தம் கொடுத்து, உடம்பு முழுக்கப் பின்னால் சாய்ந்து இழுத்தார்.

குதிரை நின்றுவிட்டது.

இன்னும் இழுத்தார். தாடையை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு ஓரடி பின்னால் வந்தது. நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தது.

“என்னடி பண்ணி வச்சிருக்க இதை?”

“ஒங்க கைக்குத்தான் பழக்குனேன்.”

அவர் அதன் முதுகைப் பார்த்தார்.

“கை விழுந்தது எனக்கு. அதோட ஓட்டத்த எதுக்குடி புடுங்குன?”

கொழுந்தன் இறங்கிக் கண்மாய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். சுற்றிய வாரை அவிழ்க்க அவருக்கு இன்னொரு கை இல்லை. நான்தான் அவிழ்த்தேன். முஷ்டியில் வார் பதிந்து வெளுத்திருந்தது.

மறுநாள் அவரே, விற்றுவிடு என்றார். பந்தயக்காரர்கள் வந்தார்கள். ஒருவர் ஏறி இழுத்தார், நின்றது. “ஆத்தா, கோயில் பசுவப் போயிக் குதிரைன்னு சொல்லிக் கூப்டீகளா” என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

முரட்டுக் கடிவாளம் போட்டுத் திரும்பப் பழக்கலாம் என்றான் கொழுந்தன். அவர் கட்டிலிலிருந்து என்னைப் பார்த்தார். அவரும் அதைத்தான் கேட்கிறார் என்று தெரிந்தது.

“அதுக்கு வாய் ஆறிருச்சு. மறுபடி புண்ணாக்க மாட்டேன்” என்றேன்.

அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இப்போது பூ மூட்டையை அந்த வண்டியில்தான் மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோகிறேன். மார்க்கெட் வேன் அங்கேதான் வரும். கிளம்பும்போது, “வாரீகளா, காத்தாட இருக்கும்” என்று கேட்பேன். இடது கையை ஆட்டுவார், இல்லை என்று. வெயில் ஏறினால் பூ வாடிவிடும். நான் போய்விடுவேன்.