மாத்தளையில் ஒரு கூறைச்சேலையும் ஒரு லேஞ்சி பில்லும்

"மாத்தளை குட்டிக் கொழும்பு ஆகிவிட்டதாமே, கல்யாணச் சேலை எடுக்க இனிக் கண்டி வரை போகத் தேவையில்லையாமே, போய்ப் பார்த்து எழுதுங்கள்" என்று இந்த வலைப்பூவில் சிலர் கேட்டிருந்தீர்கள். போனேன், பார்த்தேன், எழுதுகிறேன். கேட்டவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம். அதற்கு நான் பொறுப்பில்லை.

உண்மையில் நான் போனது உங்களுக்காக இல்லை. என் அண்ணன் மகன் சுதனுக்குத் தை மாதம் கல்யாணம். பெண்ணுக்குக் கூறைச்சேலை எடுப்பது மாப்பிள்ளை வீட்டு வேலை. அண்ணன் இறந்துவிட்டதால் எல்லாம் அண்ணி தலையில். ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கிறார், முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். பெண்ணுக்குக் கொழும்பில் ஆபீஸ் வேலை. பெண் வீட்டார் வாய் திறந்து எதையும் கேட்கவில்லை. ஆனால் நிச்சயத்தன்று பெண்ணின் சித்தி, "மாத்தளையில புதுசா அந்தக் கண்ணாடி மாடிப் புடவைக்கடை வந்திருக்கே, அங்கதானே எடுப்பீங்க?" என்று சிரித்தபடி கேட்டு வைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அண்ணிக்கு அந்தக் கடையைத் தவிர வேறு நினைப்பில்லை.

சேலைகூட இரண்டாம் பட்சம். அண்ணிக்கு அந்தக் கடையின் பை வேண்டும். தடித்த கறுப்பு அட்டையில் தங்க எழுத்து, கைப்பிடிக்குப் பட்டுக்கயிறு. கூறைத் தட்டோடு அந்தப் பையும் சபையில் இருக்க வேண்டும். "தோட்டத்து ஆளுங்கதானேன்னு ஒரு வார்த்தை வந்துறக் கூடாது விஜயா. என் புள்ள தலை குனியக் கூடாது" என்று போனில் சொன்னார். ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை போவதாக முடிவு செய்தோம். அண்ணியின் பெயரையும் கடையின் பெயரையும் நான் எழுதவில்லை. ஏன் என்று படிக்கும்போது தெரியும்.

முதல் நாள் கொழும்பிலிருந்து ரயிலில் கண்டி, அங்கிருந்து மாத்தளைக்கு பஸ். ஏறக்குறைய 25 கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிடம், 110 ரூபாய். ஜன்னலோரம் கிடைத்தால் மலை பார்க்கலாம் என்று முன்பு எழுதியிருக்கிறேன், அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அக்குறணை தாண்டியும் கடைதான் கடை. எல்லாவற்றுக்கும் நீலக் கண்ணாடி, எல்லா மாடியிலும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம், கையில் கடிகாரம். கலேவெலைக்குத் திரும்பும் வழியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெங்காய வியாபாரி, தங்கள் ஊரிலும் இதே கதைதான் என்றார். "வயல் பக்கத்துலயே சென்ட் கடை போட்டிருக்கான் மிஸ். வெங்காயம் வித்த காசுல யாரு சென்ட் வாங்குறது?" என்று கேட்டார்.

மறுநாள் காலை தோட்டத்திலிருந்து ரத்தோட்டைக்குத் திரீ வீல், 500 ரூபாய். ரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்கு பஸ், ஆளுக்கு 60, நாற்பது நிமிடம். அண்ணி கோயிலுக்குக் கட்டும் சாம்பல் நிறச் சேலை கட்டியிருந்தார். காலையில் ப்ளேன்டீகூடக் குடிக்கவில்லை. கேட்டதற்கு, "சீனியும் பிரஷரும் இருக்குல்ல, குளிசை போட்டா மணிக்கொரு தரம் ஒண்ணுக்குப் போகணும். டவுன்ல எங்க போறது?" என்றார். மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு இது பழகிய விஷயம். அங்கே ஒதுங்க இடம் கிடையாது, அதனால் பகல் சாப்பாடு வரை தண்ணீர் குடிக்க மாட்டார்கள். முப்பது வருடம் அப்படி அடக்கிய உடம்பு இப்போது அடங்க மறுக்கிறது.

பஸ்ஸில் கண்டக்டர் அந்தக் கடையின் பெயரையே பஸ் நிற்கும் ஹோல்ட்டின் பெயராகக் கூவினார். முன்பு அங்கே இறங்க வேண்டுமென்றால் "தேத்தண்ணிக் கடை" என்று சொல்வோம். ஐந்து சின்னக் கடைகள் வரிசையாக இருந்த இடம், கடைசியில் தேத்தண்ணிக் கடை, அதன் பின்னால் இருபது ரூபாய் கொடுத்தால் பெண்கள் ஒதுங்கிவிட்டு வரலாம். ஐந்தையும் இடித்துத்தான் இந்த மூன்று மாடி. தேத்தண்ணிக் கடை இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். பொதுக் கழிப்பறை இருக்கும் பஸ் ஸ்டாண்ட் அங்கிருந்து பத்து நிமிட நடை. முழங்கால் வலியோடு, வெயிலில், அண்ணியால் முடியாது.

கடைக்கு எதிரே வெற்றிலை விற்கும் ஒரு அம்மா எங்களைப் பார்த்துக் கைகாட்டினார். நாங்கள் வெற்றிலை வேண்டாம் என்றோம்.

"வெத்திலைக்கு இல்லக்கா. உள்ள போறீங்கல்ல, இதைக் கொண்டு போங்க" என்று ஒரு சின்னச் சிட்டையை நீட்டினார்.

அது அந்தக் கடையின் பில். ஒரு லேஞ்சி வாங்கியதற்கான பில். கைக்குட்டையை எங்கள் பக்கம் லேஞ்சி என்போம், அந்தக் கடையிலேயே விலை குறைந்த சாமான் அதுதான். கடையில் கழிப்பறை மேல்மாடியில் இருக்கிறது, ஆனால் அன்றைய தேதி போட்ட பில் காட்டினால்தான் விடுவார்கள். ஆகவே பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள், காய்கறி விற்கும் பெண்கள் எல்லோருமாகச் சேர்ந்து தினமும் காலையில் ஒரு லேஞ்சி வாங்குகிறார்கள். முதலில் ஒரே பில்லில் நாள் முழுக்க மாறி மாறிப் போய் வந்தார்கள். கடைக்காரர்கள் கண்டுபிடித்து, ஒருமுறை உள்ளே விட்டதும் பில்லின் மூலையைக் கிழிக்க ஆரம்பித்தார்கள். ஒரு பில்லுக்கு நாலு மூலை இருப்பதால் காவலாளியோடு பேசி நாலு பேர் போகலாம் என்று ஏற்பாடாகியிருக்கிறது. "இன்னும் ரெண்டு மூலை மிச்சம் இருக்கு" என்றார் அந்த அம்மா. நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அண்ணி சிரிக்கவில்லை. "வேணாங்க. நாங்க கூறை எடுக்க வந்தவங்க. ஓசிப் பில்லோடயா உள்ள போறது? நாங்களே பில் போடப் போறோம்" என்று சொல்லிவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டு நடந்தார்.

உள்ளே நல்ல குளிர். கீழ்த்தளம் சென்ட், கடிகாரம், காசாளர் இருக்கும் இடம். முதல் மாடி சேலை. அதற்கு மேலே ஆண்களுக்கான கோட்டு, அதன் ஒரு மூலையில் கழிப்பறை. ஏற நகரும் படி, இறங்கவும் நகரும் படி. கல்யாணச் சேலை எடுப்பவர்களுக்குத் தனியாகச் சோபா போட்டிருந்தார்கள். உட்கார்ந்ததும் உயரமான கிளாஸில் ஐஸ் போட்ட ஜூஸ் வந்தது. அண்ணி என்னைப் பார்த்தார். குடிக்காமல் வைத்தால் மரியாதை இல்லை என்று நினைத்திருப்பார், முழுவதையும் குடித்தார்.

எங்களைக் கவனித்த விற்பனைப் பெண் நம் தோட்டப் பக்கம்தான். மேற்பார்வையாளர் கிட்டே வந்தால் சிங்களம், தள்ளிப் போனால் தமிழ். "அக்கா, இது பாருங்க, இது ஒரிஜினல்" என்று மெதுவாகச் சொல்லுவாள். அண்ணி கண்ணால் பார்த்துச் சேலை எடுக்கிறவர் இல்லை. ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். "பட்டுன்னா கனமா இருக்கணும். இது காத்து மாதிரி இருக்கே, வேணாம்" என்று ஒதுக்கிக்கொண்டே வந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகி ஒரு அரக்குச் சேலை கைக்கு வந்தது. அதை ஏந்தியதும் அண்ணியின் முகம் மாறியது. "இதுதான் விஜயா" என்றார். அந்த நிமிடம் நான் அவரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்தது அண்ணன் போன பிறகு முதல் தடவை.

பிறகு என் காதில், "மொதல்ல ஒண்ணுக்குப் போயிட்டு வந்துர்றேன்" என்றார்.

மேல்மாடிக்குக் கூட்டிப்போனேன். கழிப்பறை வாசலில் ஒரு காவலாளி. "பில் எக்க தியனவத, நோனா?" என்று பில் இருக்கிறதா எனக் கேட்டார். சேலை எடுத்து வைத்திருக்கிறோம், இனித்தான் பில் போட வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் மேற்பார்வையாளரைப் பார்த்தார். மேற்பார்வையாளர் வந்தார், மிக நன்றாகச் சிரித்தார். பஸ்ஸில் வருகிறவர்கள் எல்லாம் வந்து அசுத்தம் செய்கிறார்களாம், அதனால் சட்டமாம், பில் போட்டதும் தாராளமாகப் போகலாமாம். நாங்களும் பஸ்ஸில் வந்தவர்கள்தான் என்று சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. கோட்டு வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி என் கையைப் பிடித்து, "சத்தம் போடாத விஜயா, கீழ போய் பில்லைப் போட்டுட்டு வந்துருவோம்" என்றார்.

ஏறும்போது நகரும் படியில் என்னைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார். இறங்குவது வேறு. காலடியில் படி நழுவி நழுவிப் போவதைப் பார்த்துக்கொண்டு ஒரு காலை எடுப்பதும் வைப்பதுமாக நின்றார். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். யாரோ "இக்மன்" என்றார்கள், சீக்கிரம் என்று. அண்ணி பயந்து காலை வைத்தார், உடம்பு ஒருமுறை குலுங்கியது, சட்டென்று பின்வாங்கி நின்றுவிட்டார். அப்போதுதான் அது நடந்தது. சாம்பல் நிறச் சேலையில் ஈரம் எப்படித் தெரியும் என்று பெண்களுக்குத் தெரியும்.

அண்ணி தரையைப் பார்த்தபடி நின்றார்.

துடைக்கிற பெண் ஓடிவந்து மஞ்சள் பலகை ஒன்றை வைத்தாள். 'ஈரத் தரை, கவனம்' என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. காலையிலிருந்து அந்தக் கடையில் நான் பார்த்த ஒரே தமிழ் எழுத்து அதுதான். விற்பனைப் பெண் கீழிருந்து ஒரு சாதாரணப் பூச்சேலையோடு ஏறி வந்தாள், அவள் கண் கலங்கியிருந்தது. "அக்கா, இதைக் கட்டிக்கங்க" என்றாள். மேற்பார்வையாளர் அந்தச் சேலையைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, பில் போட்டதும் தருகிறேன் என்றார். அப்போதும் சிரித்தார்.

நான் கீழே ஓடினேன். வரிசை. பூச்சேலைக்குப் பணம் கட்டினேன். பில்லும் கறுப்புப் பையும் கொடுத்தார்கள். மேலே வந்து பில்லை நீட்டினேன். காவலாளி என் முகத்தைப் பார்க்காமல் வாங்கி, மூலையைக் கிழித்துவிட்டு, கதவைத் திறந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதத் தெரியவில்லை.

அரக்குச் சேலை சோபாவில் விரித்தபடியே கிடந்தது. அண்ணி பூச்சேலை கட்டிக்கொண்டு, என் தோளைப் பிடித்து ஒருவழியாகப் படியிறங்கி, அதைத் தாண்டிப் போனார். "எடுக்கலையா அண்ணி?" என்றேன். "வேணாம். இந்தச் சேலையத் தொட்டா இனி எனக்கு இன்னைக்கு நடந்ததுதான் ஞாபகம் வரும்" என்றார்.

சரி, போகிறவர்களுக்கு. கடை காலை பத்து மணிக்குத் திறக்கிறது. சனிக்கிழமை போகாதீர்கள். பஸ் ஸ்டாண்ட் வரை போய் இறங்கி, முதலில் அங்கே போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டு, பிறகு கடைக்கு நடந்து வாருங்கள். முழங்கால் வலி உள்ளவர்களைக் கூட்டிப்போனால் சாமான் ஏற்றும் லிஃப்டைக் கேளுங்கள், கேட்டால் சில நேரம் தருவார்களாம், எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஜூஸ் கொடுத்தால் குடிக்காதீர்கள். எதிரே வெற்றிலை விற்கும் அம்மா சிட்டை நீட்டினால் வெட்கப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள். உங்களிடம் பில் இருந்தால், வெளியே வரும்போது அவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். என்னுடையதைக் கொடுத்தேன். இன்னும் மூன்று மூலை இருந்தது.

மாத்தளை வளர்ந்திருக்கிறதா என்று கேட்டால், ஆம், மூன்று மாடி வளர்ந்திருக்கிறது. இடித்த ஐந்து கடைகளும் ஒன்றும் சொர்க்கமில்லை, அந்தத் தேத்தண்ணிக் கடையின் பின்பக்கம் நாறும். ஆனாலும் இருபது ரூபாய்க்கு ஒரு பெண் மானத்தோடு திரும்பி வரலாம்.

இந்தக் கடையைப் பற்றி எழுதட்டுமா என்று அண்ணியிடம் கேட்டேன். ஒரு வாரம் கழித்துப் பதில் சொன்னார். "எழுது. எம் பேரைப் போடாத. கடை பேரையும் போடாத, சேலை கொண்டாந்த அந்தப் புள்ளைக்கு வேலை போயிரும்."

அன்று திரும்பும்போது ரத்தோட்டை பஸ்ஸில் எங்களுக்கு இடம் கிடைத்தது. அண்ணி கறுப்புப் பையை மடியில் வைத்திருந்தார். ஈரச்சேலையை மடித்து அதற்குள்தான் வைத்திருந்தோம், வேறு பை எங்களிடம் இல்லை. தங்க எழுத்தைப் பார்த்து எதிர் சீட்டுப் பெண், "கல்யாணமா?" என்று கேட்டாள். அண்ணி தலையசைத்தார்.

ரத்தோட்டையில் சுதன் திரீ வீலோடு காத்திருந்தான். அம்மாவின் சேலை மாறியிருந்ததை அவன் கவனிக்கவில்லை. பையைத்தான் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்து அதை வாங்கி, அம்மா செய்வது போலவே கையில் ஏந்திப் பார்த்தான்.

"என்னம்மா, இவ்வளவு கனமா இருக்கு! நல்ல பட்டுதான் போல."

"ஆமாப்பா" என்றார் அண்ணி. "வீட்டுக்குப் போறவரைக்கும் பிரிக்காத."